ஐடி கார்டில் தச்சர், ஆசையில் எம்.பி.ஏ.

எமிரேட்ஸ் ஐடியின் பின்பக்கத்தில் என் தொழில் தச்சர் என்று அச்சாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் கார்பென்ட்டர், அரபியில் நஜ்ஜார். இரண்டு மொழியிலும் பொய். நான் மதுரையில் பி.காம். படித்தவன். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் கதவு, அலமாரி, ஹோட்டல்களுக்கு வரவேற்பு மேஜை என்று மரவேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக ஆபீஸில் கோ-ஆர்டினேட்டராக வேலை பார்க்கிறேன். கொட்டேஷன் போடுவது, எந்தக் கதவு எந்த லாரியில் எந்த சைட்டுக்குப் போக வேண்டும் என்று பார்ப்பது, போகாத கதவுக்குத் திட்டு வாங்குவது. மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் விலை.

நான் வந்த சமயத்தில் கம்பெனியிடம் கைவசம் இருந்தது தச்சர் விசாதான். “முதல்ல வந்து இறங்குங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்றார் ஏஜென்ட். வளைகுடாவில் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்ட எதையும் யாரும் மாற்றி நான் பார்த்ததில்லை. என் சிநேகிதர்களில் ஒரு அக்கவுண்டன்ட் சமையல்காரர் விசாவில் இருக்கிறார். ஒரு சேல்ஸ்மேன் கொத்தனார். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் பிளம்பர். கார்டில் இருப்பதை நம்பினால் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டி, கிரகப்பிரவேசத்துக்குச் சமைத்தும் போட்டுவிடலாம்.

இந்தத் தச்சர் பட்டம் பத்து வருஷம் என்னை ஒன்றும் செய்யவில்லை. போன வருஷம் எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர் கனடாவுக்குக் கிளம்புவதாக அறிவித்தபோதுதான் வினை ஆரம்பித்தது. ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து, அந்த நாற்காலிக்கு நான்தான் பொருத்தம் என்றார். நான் அதில் உட்கார்ந்தே விட்டேன், மனத்தளவில். அப்புறம் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேப்பரில் ஒரு மாஸ்டர்ஸ் டிகிரி இருந்தால் முதலாளியிடம் பேச வசதியாக இருக்கும், எம்.பி.ஏ.வில் சேர்ந்துவிட்டதாக ஒரு கடிதம் காட்டினால்கூடப் போதும் என்றார். மேனேஜர் கிளம்ப ஐந்து மாதம் இருந்தது.

துபாயில் வார இறுதியில் வகுப்பு நடத்தும் ஒரு காலேஜின் அறிமுகக் கூட்டத்துக்குப் போனேன். சமோசா கொடுத்தார்கள், பேனா கொடுத்தார்கள், கட்டணம் எழுபத்திரண்டாயிரம் திர்ஹாம் என்றார்கள். மூன்றாவதைக் கேட்டதும் முதலாவது தொண்டையில் நின்றது. போதாததற்கு அங்கே என் போன் நம்பரை எழுதிக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். மறுநாளிலிருந்து ஒரு கவுன்சலர் பெண், நான் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போதெல்லாம் சொல்லிவைத்த மாதிரி கூப்பிட்டாள். “ஹலோ சார், டிசைட் பண்ணிட்டீங்களா?” முருங்கைக்காயையே டிசைட் பண்ண முடியாமல் நிற்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆபீஸ்காரன் வேறென்ன செய்வான், எக்செல்லைத் திறந்தேன். சம்பளம், அஜ்மானில் இரண்டு அறை ஃபிளாட்டுக்கு வாடகை, பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ், அதற்கு மேல் ஸ்கூல் பஸ் ஃபீஸ், சாலிக் டோல், மளிகை. எப்படிப் போட்டாலும் கடைசிக் கட்டம் சிவப்பாகவே வந்தது. ஒரு சனிக்கிழமை காலை வேறு மாதிரி போட்டுப் பார்த்தேன். மனைவியும் மகளும் இரண்டு வருஷம் மதுரையில் இருக்கட்டும், நான் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு நாலு பேர் ரூமில் ஒரு பெட் ஸ்பேஸ் எடுத்துக்கொள்கிறேன். கட்டம் பச்சையாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். என் மனைவி பி.எஸ்சி. கணிதம். வீட்டில் எங்கே எண்கள் கிடந்தாலும் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டாள்.

“ஏங்க, இதென்ன மிச்சம்னு ஒரு கட்டம்?”

“எது?” என்றேன், தலையைத் துவட்டிக்கொண்டே.

“மனைவி, மகள் ஊருக்கு. மிச்சம், மாசம் நாலாயிரத்து இருநூறு. பதிமூணு வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு நல்ல விலைதான் போட்டிருக்கீங்க. இதுல பாப்பா பங்கு எவ்வளவு?”

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீழே ஒரு வரிசை சேர்த்து ‘தனியாக இருப்பவர் கடையில் சாப்பிட்டு வாங்கும் அல்சர், மருத்துவச் செலவு’ என்று தட்டினாள். ஒரு தொகையும் போட்டாள். அப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டு, “போய்ப் படிங்க. ரெண்டு வருஷம்தானே, ஓடிரும்” என்றாள். கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே சொன்னாள். அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டு மதுரையில் நல்ல ஸ்கூல் எது என்று விசாரித்தாள்.

எங்கள் மகளுக்குப் பத்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். “டூ இயர்ஸா? தட்ஸ் ஒன் ஃபிஃப்த் ஆஃப் மை லைஃப்!” என்று கத்தினாள். கணக்கு அம்மாவிடமிருந்து வந்தது, கத்தல் என்னிடமிருந்து.

கட்ட முடியுமா என்பது கிடக்கட்டும், முதலில் இடம் கிடைக்கிறதா பார்ப்போம் என்று விண்ணப்பித்தேன். எமிரேட்ஸ் ஐடி இரண்டு பக்கமும் வேண்டும், கம்பெனியிலிருந்து அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எங்கள் எச்.ஆர். மனிதர் ரொம்ப ஜாக்கிரதை. லேபர் கார்டில் இருப்பதற்கு மாறாக எழுதிக் கொடுத்து அது யார் கையிலாவது சிக்கினால் கம்பெனிக்கு ஃபைன் என்று பயம். ‘இவர் பதினோரு வருஷமாக எங்களிடம் தச்சராகப் பணியாற்றுகிறார். கடின உழைப்பாளி, நேர்மையானவர்’ என்று கையெழுத்துப் போட்டு நீட்டினார். இணைப்புகளை எங்கள் ஆபீசில் யாரும் திறந்து படிப்பதில்லை. காலேஜிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி அனுப்பிவிட்டேன்.

நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியை அந்தக் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். வயதானவர், நல்ல மனுஷி என்று பார்த்த உடனே தெரிந்தது. அதுதான் ஆபத்து. கடுகடுப்பான ஆளாக இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

“பதினோரு வருஷம் தச்சு வேலை. எனக்கு நினைத்துப் பார்க்கவே மலைப்பாக இருக்கிறது” என்றார் ஆங்கிலத்தில். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டார். “அந்த வேலையில் எது ரொம்பக் கஷ்டம்?”

“கதவு சட்டத்தில் சரியாக உட்கார வேண்டும் மேடம். ரெண்டு மில்லிமீட்டர் தப்பினால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.”

சொன்னதில் பொய்யில்லை. திருப்பி அனுப்பிய கதவுக்கு லாரி பிடிக்கிறவன் நான்தான். ஆனால் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் கைகளை மெதுவாக மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டேன். அவை கீபோர்டைத் தவிர வேறெதையும் தொடாத கைகள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. உடல் உழைப்பிலிருந்து மேலே வந்த ஒருவருக்கு, வருஷத்துக்கு ஒரே ஒருவருக்கு, அந்தக் காலேஜ் முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கிறதாம். இந்த வருஷம் நான். வேலை செய்யும் இடத்தில் என்னைப் போட்டோ எடுத்துப் போஸ்டர் போடுவார்கள், அது ஒன்றுதான் நிபந்தனை.

மனைவியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். “அப்போ நாங்க ஊருக்குப் போக வேண்டாமா?” என்றாள். பிறகு சோபாவில் உட்கார்ந்து அழுதாள். அந்த ஒரு மாதம் அவள் எப்படி இருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுது முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “என் புருஷன் கார்பென்ட்டர்! எட்டு மாசமா அந்தக் காலண்டரைச் செவுத்துல மாட்டச் சொல்லிட்டிருக்கேன்.”

அன்று எங்கள் வீட்டில் இரண்டு வக்கீல்கள் இருந்தார்கள், இரண்டு பேரும் ஒரே கட்சி. நாம் எங்கே பொய் சொன்னோம், கவர்மென்ட் கார்டில் அப்படித்தானே இருக்கிறது என்றாள் அவள். கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது என்றேன் நான். அவர்களாக நினைத்துக்கொண்டால் நாம் என்ன செய்ய முடியும் என்று இருவரும் சேர்ந்தே சொன்னோம். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “அப்பா, ஆர் யூ அ கார்பென்ட்டர்?” என்று கேட்டாள். “ஆமா. சாப்பிடு” என்றாள் அவள் அம்மா.

போட்டோ எடுக்க ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தார்கள், காலேஜிலிருந்து ஒரு பெண்ணும் கேமராக்காரரும். ஜி.எம்.முக்கு ஏக சந்தோஷம், கம்பெனிக்கு இலவச விளம்பரம். பட்டறையில் முப்பது பேர் வேலை செய்கிறார்கள், ராஜஸ்தான்காரர்கள், பீகாரிகள், நம்மவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு ஃபோர்மேனாக இருப்பவன் சிவகங்கைப் பக்கத்துக்காரன், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். நானும் அவனும் ஒரே நாளில், ஒரே விமானத்தில், ஒரே தச்சர் விசாவில் வந்து இறங்கியவர்கள். ஏர்போர்ட்டிலிருந்து ஒரே வேனில் கூட்டி வந்து, என்னை ஆபீஸ் வாசலிலும் அவனைப் பட்டறை வாசலிலும் இறக்கிவிட்டார்கள். அவன் நிஜத் தச்சன்.

அவனுடைய ஓவரால் சட்டையைத்தான் இரவல் வாங்கினேன். பொத்தான் எனக்கு வயிற்றில் மாட்டவில்லை. “மூச்சை இழுத்துக்கங்கண்ணே” என்று அவனே மாட்டிவிட்டான். தலையில் கொஞ்சம் மரத்தூளை எடுத்துத் தூவினான். இழைப்புளியைக் கையில் கொடுத்தான். நான் அதைப் பிடித்த விதத்தைப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள் ராஜஸ்தான்காரர்கள்.

“அண்ணே, பின்னாடி முன்னாடியாப் பிடிச்சிருக்கீங்க.”

“எப்படிப் பிடிச்சா என்ன தம்பி, போட்டோதானே.”

“போட்டோதான்ணே. ஆனா பாக்கறவன் எவனாவது கார்பென்ட்டரா இருந்தா?”

அவனே என் விரல்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்து வைத்தான். கேமராக்காரர் பார்த்துவிட்டு, அருமை, அப்படியே சிரியுங்கள் என்றார். காலேஜ் பெண், அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், படத்தில் கை வருகிறது என்றாள். நான் தமிழில் சொன்னேன். அவன் உடனே நகர்ந்து, என் ஆபீஸ் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பலகை அடுக்கின் ஓரமாக நின்றான்.

அவர்கள் போன பிறகு ஓவராலைக் கழற்றினேன். அவன் சட்டையை நீட்டிக்கொண்டே கேட்டான்.

“எதுக்குண்ணே இந்தப் போட்டோ?”

சொன்னேன். கார்பென்ட்டராக இருந்து மேலே வந்தவர்களுக்கு எம்.பி.ஏ. இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், நம் எச்.ஆர். கடிதத்தைப் பார்த்து அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள் என்று, பாதிச் சிரிப்போடு சொன்னேன். அவனும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, “டிகிரி முடிச்சிருக்கணுமாண்ணே?” என்றான்.

“ஆமா.”

“நானும் போன வருஷம் பி.காம். முடிச்சிட்டேன்ணே. கரஸ்லதான். லீவுக்கு ஊருக்குப் போறப்பல்லாம் ரெண்டு மூணு பேப்பர் எழுதுவேன். ஏழு வருஷம் ஆயிருச்சு.”

“சொல்லவே இல்லையே?”

“என்னத்தச் சொல்ல? பாதிப் பேப்பர் அரியர்ல கிடந்துச்சு.” தலையைச் சொறிந்தான். “அதெல்லாம் நமக்கும் குடுப்பாங்களாண்ணே?”

அவன் குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். “வருஷத்துக்கு ஒருத்தருக்குத்தானாம்” என்றேன்.

“அப்படியா? சரிண்ணே, இந்த வருஷம் நீங்க வாங்கிக்கங்க. அடுத்த வருஷம் நான் கேட்டுப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு, என் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டான்.

அஜ்மானுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது எனக்கு வந்தது கோபம். அவன் மேல். இவனை யார் பி.காம். படிக்கச் சொன்னது? பட்டறையில் ஃபோர்மேனுக்கு எதற்கு எம்.பி.ஏ., எந்த போர்டு மீட்டிங்குக்குப் போகப்போகிறான்? டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்று, இதையெல்லாம் நினைத்தேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் நினைத்தேன்.

மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போட்டோ எடுத்த கதையைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தாள். பி.காம். கதையைச் சொன்னபோது கத்தி நின்றது.

“அவர் வீட்டுக்காரம்மா எங்க இருக்காங்க?”

“ஊர்லதான். ரெண்டு பசங்க. இவன் லேபர் கேம்ப்ல.”

“பதினோரு வருஷமாவா?”

“வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு உண்டு. அந்தச் சம்பளத்துல இங்க கூட்டிட்டு வந்தா வாடகைக்கே சரியாப் போயிரும்.”

சொல்லியிருக்கக் கூடாது. அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள், உதடு அசைவதைப் பார்த்தேன்.

“அப்போ பதினோரு வருஷத்துல மொத்தமே பதினோரு மாசம். அதுலயும் பரிட்சை எழுதியிருக்காரு.”

குக்கர் மூன்று விசில் அடித்தது, அடுப்பை அணைக்க இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. இரண்டு வருஷப் பிரிவுக்கு அழுத வீடு அது.

“மெயில் எழுதுங்க” என்றாள் கடைசியில்.

“எழுதினா இந்தத் தள்ளுபடி போயிரும். மேனேஜர் போஸ்ட்டும் போயிரும்.”

“போகட்டும். அதுக்காக நாங்க ஊருக்குப் போறோம்னு இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னதே போதும். கோ-ஆர்டினேட்டர் வீட்லயும் குக்கர் விசில் அடிக்கத்தான செய்யுது.” எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

பேராசிரியைக்கு எழுதினேன். நான் தச்சன் இல்லை, கார்டில் உள்ளது விசாவுக்காகப் போட்டது, நேர்காணலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு, போஸ்டர் அடிக்க வேண்டாம் என்று. போட்டோவில் ஓரமாகத் தள்ளி நிற்கச் சொன்ன ஆள்தான் உண்மையான தச்சர், பி.காம். முடித்திருக்கிறார் என்பதையும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரண்டே வரியில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், இடம் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அந்தக் கவுன்சலர் பெண்ணுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, இன்னமும் கூப்பிடுகிறாள். மேனேஜர் நாற்காலிக்கு வெளியிலிருந்து ஓர் எம்.பி.ஏ. வந்தார். நல்ல பையன், எந்தக் கதவு எந்த லாரி என்று தினமும் காலையில் என்னைக் கேட்டுத்தான் சொல்கிறார். எரிச்சல் இல்லை என்று சொன்னால் அது மூன்றாவது மொழியிலும் பொய்யாகிவிடும்.

விண்ணப்பத்தை நிரப்ப ஃபோர்மேன் ஒரு மத்தியான இடைவேளையில் என் மேஜைக்கு வந்தான். ஆபீஸ் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தான். பெயர், பாஸ்போர்ட், மார்க் ஷீட் எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்து, ‘இந்தப் படிப்பின் மூலம் நீங்கள் அடைய விரும்புவது என்ன? இருநூறு சொற்களில்’ என்ற கேள்வியில் நின்றோம். என் விண்ணப்பத்தில் அந்த இடத்தை நான் பிரமாதமாக நிரப்பியிருந்தேன். தலைமைப் பண்பு, உலகத்தரம், தொலைநோக்கு, எதையும் விடவில்லை.

“என்ன எழுதட்டும் தம்பி?”

விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டு யோசித்தான்.

“மேனேஜர் ஆனா இங்க வீடு எடுத்து ஃபேமிலியக் கூட்டிட்டு வரலாம்லண்ணே?”

“வரலாம்.”

“அப்ப அதையே போடுங்கண்ணே.”

“இருநூறு வார்த்தை கேக்கறாங்கப்பா.”

“அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்ணே.”

அவன் சொன்னதை ஆங்கிலத்தில் ஒரே வரியாகத் தட்டினேன். கீழே இருந்த இடத்தைக் காலியாக விட்டு, அப்படியே அனுப்பினேன்.